பூட்ஸோடு பார்த்த எடை

இன்று காலை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். தேவிகுளம் பக்கம் ஒரே மூடுபனி. என் இரண்டு வயது மகள் இரண்டு ஸ்வெட்டர், குல்லா, பூட்ஸ் என்று மூட்டையாக நின்றாள். அப்படியே மெஷினில் ஏற்றினார் டீச்சர்.

"பாப்பா தேறிட்டா. இனி இவளுக்கு எக்ஸ்ட்ரா சத்துமாவு வேணாம்."

குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுகிற பிள்ளை அவள்.

"துணியக் கழட்டிட்டுப் பாருங்க டீச்சர்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் செல்வி அக்கா பாய்ந்தார். "ஏட்டி, இந்தக் குளிர்ல கழட்டுனா நெஞ்சுச்சளி பிடிச்சிராதா?"

டீச்சரும் பாவம். "கழட்டச் சொன்னா எல்லா அம்மாவும் சண்டைக்குத்தான் வாறீங்க. நா என்ன செய்ய?"

பிள்ளையைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு, கழற்றிய துணியையும் பூட்ஸையும் மட்டும் மெஷினில் வைத்தேன். டீச்சர் அந்த எடையை முதலில் பார்த்ததிலிருந்து கழித்துப் பார்த்தார். சத்துமாவு பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

செல்வி அக்கா தன் மகனின் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஆனால் எங்களுக்கு முன்னால் எடை பார்த்துவிட்டு வெறுங்கையோடு போன பிள்ளைகளை நினைத்தால் இன்னும் இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் சத்தாக வளர்ந்திருப்பது பூட்ஸ்தான். உங்கள் வீட்டில்?