இரண்டாம் தடவையும் சொன்னேனாம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம்.

கேசரி கிண்டியாயிற்று. வடை சுட்டாயிற்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டாயிற்று. எல்லாம் ரெடி – என்னைத் தவிர.

"என்னாங்க, அவங்க வந்ததும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் என் மனைவி சரோஜா.

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியும்தான்!"

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னோடு அரட்டை அடிக்கும் உங்களுக்குத்தான் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது, உங்களிடம் மட்டும் மறைப்பானேன்? எனக்கு அல்சைமர். மறதி நோய். கண்டியில் ஒரு டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது.

'இந்த வயதிலா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதைத்தான் கேட்டேன். "சிலருக்கு இளம் வயசுலேயே வரும். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திச்சா?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர்.

இருந்தது. அப்பாவுக்கு இருந்தது.

அப்பா தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் நின்று யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது என்று ஆள் பிரித்து அனுப்புவது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில், கொழுந்து எடுத்து முடித்த மலைக்கே மறுநாளும் ஆள் அனுப்ப ஆரம்பித்தார். தோட்டத்துத் துரை ஒரு தடவை சிரித்தார். இன்னொரு தடவை திட்டினார். அப்புறம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்பாவின் தங்கைக்கும் அதே வயதில் அதே கதைதான். வடித்து இறக்கிய சோற்றை மறுபடி உலையில் போடுவார்.

அப்போது இதற்கு யாருக்கும் பெயர் தெரியாது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டோம். முடி போனது... வியாதி போகவில்லை!

அப்பா, அத்தை, இப்போது நான். அடுத்தது யார்? எங்களுக்கு இருப்பது ஒரே மகள், யாழினி. பதுளையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவளுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற பரிசோதனை வெளிநாட்டில் இருக்கிறதாம். "வேணாம்பா. வர்றப்ப பாத்துக்கலாம்" என்றுவிட்டாள் யாழினி.

சரி, கல்யாணம்? இதைச் சொல்லாமல் பெண்ணைக் கொடுப்பது நியாயமா? சொன்னால் யார் எடுப்பார்கள்? பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தால் தூக்கம் போய்விடும். எங்களுக்குப் போய்விட்டது.

"முதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும். அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம்" என்பது சரோஜாவின் கட்சி.

"அப்பா, நீங்க சொல்லிருங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லிருவேன்" என்பது யாழினியின் கட்சி.

நான்? வழக்கம்போல, கடைசியாகப் பேசியவர் கட்சி.

சாயந்திரம் வேன் வந்தது. மாப்பிள்ளை சுதர்சனும் அவருடைய அம்மாவும் மட்டும். சொந்த ஊர் கொஸ்லந்த. அப்பா இல்லை. சுதர்சனுக்கு எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை.

"மன்னிச்சுக்கங்க அண்ணே, நேரமாகிப்போச்சு. எல்லயில ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு வெள்ளைக்காரங்க போட்டோ புடிக்கிறாங்க. வேன் நகர மாட்டேங்குது" என்றபடியே உள்ளே வந்தார் அந்த அம்மா.

நல்ல மனிதர்கள். வடையைப் பாராட்டினார்கள். யாழினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நிற்காமல் எங்களோடு கதிரையில் உட்கார்ந்தாள். ஜாதகம் பொருந்தியிருப்பதை ஒரு தடவை பேசி மகிழ்ந்தோம். பத்துப் பொருத்தத்தில் எட்டு. அந்தப் பத்திலும் மறதிப் பொருத்தம் என்று ஒன்று கிடையாது, கவனித்தீர்களா?

யாழினி என்னைப் பார்த்தாள். சரோஜாவும் என்னைப் பார்த்தாள். ஒரே மனிதனை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்தால் அவன் என்னதான் செய்வான்? வாயைத் திறந்துவிட்டேன்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னேன். என் வியாதி, அப்பா, அத்தை, யாழினிக்கு வரக்கூடும் என்பது... எல்லாவற்றையும் பரீட்சை முடிவு வாசிப்பதுபோல ஒப்பித்தேன். முடிப்பதற்குள் கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்திருந்தது. சுதர்சன் கையில் இருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. பாவம், பயந்துவிட்டார்.

அந்த அம்மா மெதுவாகக் கைப்பையை எடுத்தார். "மழ பெருசாகும் போலருக்கு. நாங்க வீட்டுக்குப் போயிட்டுப் போன் பண்றோம்ணே."

'போன் பண்றோம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? சரோஜாவுக்குத் தெரிந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. வேன் வரைக்கும் நனையாமல் போகட்டுமே என்று குடை எடுக்க உள்ளே போனேன்.

இதுவரை என் ஞாபகம். இனி வருவது யாழினி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

குடையோடு திரும்பி வந்தேனாம். எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து, "என்ன அவசரம்? உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றேனாம்.

ஆமாம்... சொன்னதே மறந்துபோயிற்று. பதற்றம் வந்தால் என் வியாதிக்குக் கொண்டாட்டம். இது ஒன்றும் புதிதில்லை. ஒரே தேத்தண்ணிக்கு இரண்டு தடவை சீனி போடுவேன். காலையில் போட்ட சண்டையை மத்தியானம் மறந்துவிட்டுச் சரோஜாவிடம் சிரித்துப் பேசுவேன். "சண்டை போட்டா அதை ஞாபகம் வச்சிருக்கிற ஆளோடதாங்க போடணும்" என்று அலுத்துக்கொள்வாள்! வீட்டுக்குள் இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. வந்தவர்கள் முன்னால்?

சரோஜா பதறிப்போய் என் கையைப் பிடித்தாளாம். "அதெல்லாம் அப்பவே சொல்லிட்டீங்க..." என்று அவள் தொடங்குவதற்குள், சுதர்சன் 'சொல்லட்டும்' என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு, திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தாராம்.

"அம்மா, உக்காருங்க. சார் ஏதோ சொல்ல வர்றாரு."

அந்த அம்மாவும் உட்கார்ந்தாராம். கைப்பை மடியிலேயே இருந்ததாம்.

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேனாம். இந்தத் தடவை நன்றாகச் சொன்னேன் என்பது மகளின் விமர்சனம். அப்பா கொழுந்தில்லாத மலைக்கு ஆள் அனுப்பியதை நடித்தே காட்டினேனாம். கதிர்காமத்து மொட்டைக் கதைக்குச் சுதர்சன் வாய்விட்டுச் சிரித்தாராம். யாழினிக்கும் வரக்கூடும் என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்தி, அவளை ஒரு பார்வை பார்த்தாராம். பயந்த பார்வை இல்லையாம். அது என்ன மாதிரிப் பார்வை என்று மகள் எனக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?

நான் முடித்ததும் சுதர்சன் கேட்டாராம்: "எழுதுறப்ப கஷ்டமா இருக்காங்க சார்?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விஷயம் தெரிந்து பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் நேரே பரீட்சைதான் வைப்பார்கள். "நான் யாருன்னு தெரியுதா? பேரு சொல்லுங்க பாப்போம்!" தெரியாத ஆளாக இருந்தால் தேவலை என்று தோன்றும். எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

"எழுதுறப்ப இல்ல தம்பி. எழுதி முடிச்சு, என்ன எழுதினோம்னு நெனைக்கிறப்பதான்" என்றேனாம்.

பிறகு அந்த அம்மா வாயைத் திறந்தாராம். "பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் வருமாண்ணே?"

"தெரியாதும்மா. வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது."

அவர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாராம். "நானும் ஒண்ணு சொல்லிப்புடுறேன். எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வலியிலதான் போனாரு. அவரு தம்பியும் அப்படித்தான், சின்ன வயசுலயே. தரகருதான் அதையெல்லாம் சொல்ல வேணாம்னாரு."

சரோஜா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாளாம். பார்த்தவள் சிரித்துவிட்டாளாம். அவர்களும் முந்தானையில் ஒரு ரகசியத்தை முடிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்! இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து அந்தத் தரகரைத் திட்டித் தீர்க்க, இன்னொரு சுற்றுத் தேத்தண்ணி தேவைப்பட்டதாம்.

மறுநாள் காலை யாழினியோடு பஸ் ஹோல்ட் வரைக்கும் நடந்தேன். அப்போதுதான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளைப் பெண் பார்க்க வந்த இடத்திலா இந்தக் கூத்து?

"மன்னிச்சிரும்மா. காரியத்தையே கெடுத்திட்டேன்."

"கெடுக்கலப்பா. நான் சரின்னு சொல்லப்போறேன்."

"அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"அவங்க சொல்றது அவங்க பாடு. நான் சொல்றது என் பாடு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மொத தடவ நீங்க சொன்னப்ப அவரு பயந்துட்டாருப்பா. பயப்படாட்டித்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனா பயந்த மனுசன் ரெண்டாவது தடவையும் உக்காந்து கேட்டாரு பாருங்க... நாளைக்கு எனக்கு வந்தா, நானும் சொன்னதையே சொல்லுவேன். அப்ப பக்கத்துல உக்காந்து கேக்குற ஆளு எனக்கு வேணும்பா."

ரோட்டில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டுமே! அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினாள். அழுதது இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை போன் வந்தது. சரோஜாதான் எடுத்தாள். "சம்பந்தியம்மா..." என்று அந்தப் பக்கம் ஆரம்பித்ததுமே உட்கார்ந்துவிட்டாள். தை மாதத்தில் கல்யாணம். இப்போது அவளுக்கு ஒரே கவலைதான்: பத்திரிகை கொடுக்கப் போகிற வீட்டுக்கெல்லாம் நான் இரண்டு தடவை போய்விடுவேனாம். போனால் என்ன, இரண்டு தேத்தண்ணி கிடைக்கும்!

இதை எழுதலாமா என்று யாழினி, சுதர்சன் இருவரிடமும் கேட்டேன். தாராளமாக என்றார்கள். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள் மகள். மாற்றியிருக்கிறேன். எந்தப் பெயர் நிஜம், எந்தப் பெயர் பொய் என்பதை அவள்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையை நான் உங்களுக்கு முன்பே எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால்... எங்கள் மாப்பிள்ளை மாதிரி கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.