அய்யா வீட்டில் அம்மாவின் பெயர்

அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அவளுடைய அப்பா ஆசையாக வைத்தது. உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் கொல்லையும் நிலமுமாக வாழ்ந்த அய்யா வீட்டுக்குப் பண்ணை வேலைக்குப் போன முதல் நாளே அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டம்மாவுக்கும் அதே பெயராம்! தோலின் நிறத்தைச் சொல்லி வேறொரு பெயர் வைத்தார்கள். நான் வேலைக்குப் போய் அவளை அரியலூருக்கு அழைத்து வரும்வரை அதுதான் அவளுக்குப் பெயர்.

அய்யா லேசுப்பட்டவர் இல்லை, மந்திரியாக இருந்தவர். மனிதனை மனிதன் அடிமைப்படுத்துவதா என்று மைக்கைப் பிடித்தால் தொண்டை கிழியக் கத்துவார். வீட்டில்? ஒருநாள் கொல்லைப்புறத்தில் அம்மாவோடு நானும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த விருந்தாளி ஒருவர், "மேடையில அப்படிப் பேசுறீங்க, இன்னும் பண்ணையாள் வச்சிருக்கீங்களே?" என்று கேட்டார். அய்யா சிரித்தார். "அது நாட்டுக்கு. இது வூடு. இதுங்கள வெளிய விட்டா பொழைக்கத் தெரியாது. நம்மகிட்ட கெடக்குறதுதான் இதுங்களுக்கு நல்லது." எங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

போன மாதம் அவருக்கு நூற்றாண்டு விழா. அவருடைய மகன் காரில் வந்து இறங்கினார். அம்மாவைவிட வயதில் சின்னவர். "நீ வந்து அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். எங்க வூட்டுப் பொண்ணா இருந்தவ நீ" என்றார். வீட்டுப் பெண்ணாம்! கூடத்தில் கால் வைக்க விடாத வீட்டுக்குப் பெண்ணாம்! போகக் கூடாது என்று நான் கத்தினேன். அம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மைக்குல என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்று அவரிடம் சொல்லி, பெயரையும் சொன்னாள்.

"அது எங்கம்மா பேராச்சே" என்றார் அவர். "சரி, பாத்துக்கலாம்."

விழாவில் எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாள். அவள் முறை வந்ததும் மைக்கில் கூப்பிட்டார்கள். அய்யா வீட்டில் வைத்த அதே நிறப் பெயர். அம்மா அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். மகன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"உன்னத்தான் கூப்பிடுறாங்க, எந்திரி."

"அப்படி இங்க யாரும் இல்லீங்க" என்றாள் அம்மா. "என் பேரைச் சொல்லுங்க, வரேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு பெயரை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மேடையைப் பார்த்துக் கையைக் காட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.