அண்ணா மகளுக்குச் சொல்லாத ரிப்போர்ட்

1. முகம்

மமோகிராம் அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு வேலை பழக்கிய சீனியர் மிஸ் மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"முதல்ல முகத்தைக் கவனமா வச்சிருக்கப் பழகும். ஸ்கிரீனில என்ன தெரிஞ்சாலும் பேஷன்ட் உம்மட முகத்தில அதை வாசிக்கக் கூடாது. கேட்டா, டொக்டர் சொல்லுவார் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் மருத்துவமனை. இருபத்தாறு வருடமாக அங்கே ரேடியோகிராபராக இருக்கிறேன். பெண்களின் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவேன். தமிழில் "மூச்சைப் பிடியுங்கோ" என்பேன், சிங்களத்தில் "ஹுஸ்ம அல்லகன்ன" என்பேன். படம் எடுத்ததும் விடுவேன். அநேகம் பேர் உடுப்பை மாட்டிக்கொண்டே, "மிஸ், ஏதாவது தெரியுதோ?" என்று கேட்பார்கள். நான் சீனியர் மிஸ் சொல்லித் தந்ததையே சொல்வேன்.

என் அம்மா மார்புப் புற்றுநோயில் இறந்தபோது எனக்கு வயது பதினேழு. அதனால் வேலைக்கு வந்த புதிதில், யாருடைய படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தாலும் என் கை தன்பாட்டில் என் நெஞ்சுக்குப் போகும். பிறகு அதையும் அடக்கப் பழகிவிட்டேன். அறையில் என்னைப் போல் முகத்தைக் காக்கிற ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2. என் ரிப்போர்ட்

அக்காவுக்கும் அதே நோய் வந்தது. அவளுடைய புற்றுநோய் டொக்டர், அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, இரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு இந்தியாவுக்கு அனுப்பினார். பரம்பரையாக வருவது என்று ரிப்போர்ட் வந்தது. அக்கா இறந்த பிறகு என்னையும் செய்யச் சொன்னார். எனக்கும் அந்த ஜீன் மாற்றம் இருந்தது.

அன்றைக்கு என் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வந்தவளுக்கு மருந்து கொடுக்கிறார்கள், சொந்தக்காரர் சூப் காய்ச்சிக் கொண்டு வருகிறார்கள். வரக்கூடும் என்று காத்திருக்கிறவளை ஒருவரும் பார்க்க வருவதில்லை. குளிக்கும்போது விரல் எங்கே தட்டுப்பட்டாலும் கட்டியோ என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்ப்பேன். "உனக்குத்தான் ஒண்டும் இல்லையே, பிறகேன் இப்பிடிக் கிடக்கிறாய்?" என்று என் கணவர் கேட்பார்.

ஆறு மாதம் யோசித்துவிட்டு, இரண்டு மார்பையும், அதே ஜீனால் புற்றுநோய் வரக்கூடிய சூலகங்களையும் எடுத்துவிடச் சம்மதித்தேன். வேலையிடத்தில் கர்ப்பப்பை ஒப்பரேஷன் என்று சொல்லி லீவு எடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, மற்றப் பெண்களின் மார்பைத் தட்டில் வைத்தேன். அப்போதும் முகம் மாறவில்லை.

3. வெள்ளவத்தையில் அண்ணா வீடு

ஒப்பரேஷனுக்கு முன்பே டொக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "சகோதரங்களுக்குச் சொல்லுங்கோ. ஆம்பிளையளிட்டயும் இது இருக்கலாம். அவையளிட்ட இருந்து பிள்ளையளுக்குப் போகலாம்."

எனக்கு ஒரே அண்ணா. அவருக்கு ஒரே மகள், தாரணி. அப்போது இருபத்தெட்டு வயது. வெள்ளவத்தை ஃபிளட்டுக்குப் போய் ரிப்போர்ட்டை அண்ணாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அம்மாவும் அக்காவும் பொம்பிளையள். எனக்கெப்பிடி வரும்?"

"உங்களுக்கு வருத்தம் வராமலே போகலாம் அண்ணா. ஆனா உங்களிட்ட இருந்தா தாரணிக்குப் போக அரைவாசிச் சான்ஸ் இருக்கு. ஒரு இரத்த டெஸ்ட்தானே?"

"ஹெவ்லொக் டவுனில இருந்து மாப்பிள்ளை பகுதி வாற கிழமை வருகினம். இந்த நேரம் இந்தக் கதை வெளியில போனா ஆர் எடுப்பினம் என்ர பிள்ளையை? கலியாணம் முடியட்டும். நானே சொல்லுறன்."

"பிந்தினா…"

"உன்ர விசரை என்ர பிள்ளையின்ர தலையில கட்டாதே. வாய் திறந்தியோ, இந்த வாசல் மிதிக்கக் கூடாது."

அந்த நேரம் தாரணி கந்தோர் வேலை முடிந்து வந்தாள். "மாமி, எப்ப வந்தனீங்கள்?" என்று கட்டிப்பிடித்தாள். "இப்பதான்" என்றேன். ரிப்போர்ட்டைப் பையில் வைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. "வயித்தில பிள்ளையோட அவளைப் பயப்பிடுத்தாதே" என்றார் அண்ணா. பெண் குழந்தை பிறந்தது. "பால் குடுக்கிறவள், கொஞ்சம் பொறு" என்றார். நான் ஒவ்வொரு முறையும் பொறுத்தேன். உண்மையைச் சொன்னால், அவர் தள்ளிப்போடச் சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

4. பதினொரு மணி அப்பொயின்ட்மென்ட்

ஒரு திங்கட்கிழமை, லிஸ்டில் தாரணியின் பெயர் இருந்தது. இடப்பக்கம் ஒரு கட்டி. ஸ்கேன் செய்த டொக்டர் மமோகிராமும் எழுதியிருந்தார்.

"பால் கட்டினதாத்தான் இருக்கும் மாமி. டொக்டர் சும்மா பயப்பிடுறார்" என்று சிரித்தாள். அவளைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். "மூச்சைப் பிடியும்மா" என்றேன். படம் ஸ்கிரீனில் வந்தது. அது பால் கட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாமி, ஒண்டுமில்லைத்தானே?"

"டொக்டர் சொல்லுவார்" என்றேன்.

புற்றுநோய்தான் என்று பயொப்சி ரிப்போர்ட் வந்த பிறகு சேர்ஜன் குடும்பக் கதையைக் கேட்டிருக்கிறார். அப்பம்மாவுக்கும் பெரிய மாமிக்கும், அதாவது என் அம்மாவுக்கும் அக்காவுக்கும், வந்ததைத் தாரணி சொல்ல, "ஒருத்தரும் ஜீன் டெஸ்ட் செய்யேல்லையா?" என்றிருக்கிறார். அன்று பின்னேரமே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நீங்கள் செய்தனீங்களா மாமி?"

"ஓம்."

"எப்ப?"

"உன்ர கலியாணத்துக்கு முதல். பிறகு ரெண்டு மார்பையும் எடுத்திட்டன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"அவர் பயந்த மனுசன். அவரில எனக்குக் கோவம் கூட வரேல்லை. ஆனா நீங்கள்? நாள் முழுக்க இந்த வேலையைச் செய்யிறனீங்கள். உங்கட நெஞ்சை மட்டும் காப்பாத்திக்கொண்டீங்கள்."



5. பழக்க வேண்டியது

தாரணி உயிரோடு இருக்கிறாள். கீமோ முடிந்து, இடது மார்பை எடுத்துவிட்டார்கள். மற்றதை எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வருடா வருடம் அதைச் சோதிக்க வேண்டும். யாரோ கண்ணூறு பட்டதால்தான் இந்த நோய் என்கிறார் அண்ணா. இன்றுவரை ஜீன் டெஸ்டுக்கு இரத்தம் கொடுக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானும் முகத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அதோடு இதையும் சொல்கிறேன். நோயாளியின் ரிப்போர்ட்டை இரகசியமாகக் காப்பது உங்கள் வேலை. உங்கள் சொந்த இரத்தத்தின் ரிப்போர்ட்டைக் காக்கும்படி ஒரு சட்டமும் சொல்லவில்லை. அது யாருக்குத் தேவையோ அந்த ஆளிடமே நேரே கொடுங்கள். தகப்பனிடம் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நோயாளியின் ஃபோர்ம் நிரப்பும்போது தாய் வழி நோயோடு நிற்காமல் தகப்பன் வழியையும் கேளுங்கள்.

போன மாதம் ரிசெப்ஷனில் இருக்கும் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள்.

"மிஸ், உங்கட மருமகள் தாரணி கோல் எடுத்தவ. இந்த வருஷ மமோகிராமுக்கு. நீங்கள் வேலைக்கு வராத நாள் எது எண்டு கேட்டவ. புதன் எண்டு சொல்லி புக் பண்ணிட்டன். சரிதானே?"

"சரி" என்றேன்.

அந்தப் புதன்கிழமைக்கு ஓவர்டைம் வரச் சொல்லி மேலதிகாரி கேட்டார். முடியாது என்றேன். காலையிலிருந்து வீட்டில் இருந்தேன்.