அம்மை குத்துகிறவர் வீடு

அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறுவருஷம், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு தெருவுக்குக் குடிவந்தோம். என் வீட்டுக்காரருக்கு சுகாதார இலாகாவில் வேலை. வீடுவீடாகப் போய், பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துவார். அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே கதவுகள் சாத்திக்கொள்ளும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஆற்று மணலுக்கு ஓடுவார்கள்.

என்னிடமும் யாரும் பேசுவதில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் ஒருநாள் குழாயடியில் வாய்திறந்தாள். அவள் புருஷனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மூன்று வயதில் ஒரு பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அந்த மருந்து பின்னால புள்ளை பொறக்காம பண்றதுக்காம். ஜனம் பெருகிடுச்சுன்னு டெல்லியிலேர்ந்து அனுப்புறாங்களாம்."

"யாரு சொன்னா? எனக்கும் குத்தியிருக்கு, பாருங்க" என்று தோள் தழும்பைக் காட்டினேன்.

அவள் தழும்பைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த என் வயிற்றைப் பார்த்தாள்.

பங்குனி வெயில் ஏறியது. தெருக்கோடியில் ஒரு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை கண்டால் தாளிக்கக்கூடாதென்று, தெருவில் தாளிக்கிற வாசனையே நின்றுபோயிற்று. அடுத்த வாரம் எதிர்வீட்டு வாசலிலும் வேப்பிலை.

இவர் போய்க் கதவைத் தட்டினார். "கைக்குழந்தைக்காவது குத்த விடுங்கம்மா."

"ஆத்தா இறங்கியிருக்கா. கோவப்படுத்தாதீங்கண்ணே, போயிடுங்க" என்றாள் உள்ளேயிருந்தே.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்குழந்தை போய்விட்டது. அழுகைச் சத்தமே கேட்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் வாய்விட்டு அழக்கூடாதாம்.

அன்று பகலில் எங்கள் வாசலில் கூட்டம். ஓடி ஒளிந்தவர்களெல்லாம் பிள்ளைகளோடு நின்றார்கள். ஒருத்தி தன் மகளின் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாளைக்கு இதுக்குப் புள்ளை பொறக்காட்டியும் போகுது. உசிரோட கெடக்கட்டும்."

இவர் குத்திக்கொண்டே இருந்தார்.

எதிர்வீட்டுக்காரி வரவில்லை. மாதக் கடைசியில் அவர்கள் பொன்மலை குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினார்கள். கைக்குழந்தையோடு மாட்டுவண்டியில் ஏறியவள் இவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கேயும் வருவாங்களாண்ணே, குத்துறவங்க?"

"வருவாங்கம்மா. கதவைத் திறங்க."

அவள் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.