கோவிந்தன் மடித்த விளிம்பு

கோவிந்தன் போய்விட்டான்.

நேற்றுக் காலை மெஷினில் தகடு மடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். காரில் ஏற்றி மலையை விட்டு இறங்குவதற்குள்... முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தான்.

பாதி மடித்த தகடு இன்னும் மெஷினிலேயே நிற்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜமுனாமரத்தூரில் நானும் அவனும் சேர்ந்துதான் தகடு வேலை ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். நான் வாணியம்பாடி, அவன் இந்த மலையிலேயே பிறந்தவன். கதவு, தண்ணீர்த் தொட்டி, தானியப் பெட்டி... எது கேட்டாலும் செய்வோம். வெட்டுவது நான், மடிப்பது அவன்.

எந்த வேலைக்கும் முதலில் பேப்பரில் வெட்டி மடித்துப் பார்ப்பான். அதற்கு அன்றைய நியூஸ் பேப்பர்தான் வேண்டும் துரைக்கு. "யோவ், நான் இன்னும் படிக்கவே இல்லய்யா" என்று கத்துவேன்.

"இன்னா பாய், நேத்து தோத்தவன் தோத்தவன்தான. படிச்சி இன்னா ஆவப் போவுது?" என்று கிரிக்கெட் பக்கத்தையே கத்தரித்துவிடுவான்.

அப்புறம் அந்த ஓரம்... தகட்டை வெட்டினால் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அரம் போட்டுத் தேய்த்தால் போதும் என்பேன் நான். அவனுக்கு அது போதாது. ஓரத்தை உள்பக்கமாக மடித்து, மரச்சுத்தியால் தட்டிப் படிய வைப்பான். ஹெம்மிங் என்போம். புடவை ஓரம் அடிப்பது போலத்தான்.

கோழிக்குத் தீனி வைக்கிற தட்டுக்குக்கூட ஹெம்மிங்! "கோழி கேஸு போடுமாய்யா?" என்று கேட்டிருக்கிறேன்.

ஃப்ரீசர் பெட்டி விஷயத்தை இன்று சொல்லாமல் இருக்க முடியாது.

மலையில் யாராவது இறந்தால் உடலை வைக்கும் குளிர்ப்பெட்டி கீழே இருந்துதான் ஏறி வரணும். கோவிந்தனின் மனைவி இறந்தபோது மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்துக்கொண்டது. பெட்டி வரவே இல்லை. ஒரே மகள் மலர் ஹைதராபாத்தில் நர்ஸ். அவள் வந்து சேர்வதற்குள் அடக்கம் செய்யவேண்டியதாகிவிட்டது. அம்மா முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம்தான், "நம்மளே ஒண்ணு செஞ்சி ஊருக்கு வச்சிடலாம் பாய்" என்றான். குளிரவைக்கும் மெஷினை ஒரு ஏசி மெக்கானிக் பொருத்தித் தந்தார். பெட்டி முழுக்க எங்கள் ஸ்டீல் தகடு.

மூடிக் கண்ணாடியைச் சுற்றி வரும் ஃப்ரேமை நான் அளவுக்குச் சரியாக வெட்டிவிட்டேன். மடிப்புக்கு ஓரம் விடவில்லை. "ரப்பர் ஒட்டிக்கலாம் வுடுய்யா, யாரு தொடப் போறாங்க?" என்றேன்.

எங்கள் முஸ்லிம் வழக்கத்தில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, காக்க வைப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடக்கம். அதனால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவன் கோபப்படவில்லை. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "இல்ல பாய். எங்காளுங்க இது மேலதான் வுழுந்து அழுவாங்க. ஓரத்தக் கெட்டியா புடிச்சிக்கினு அழுவாங்க. அப்ப கை அறுக்குதா இன்னான்னு யாருக்குத் தெரியும்?"

வேறு தகடு எடுத்தோம். அவனே மடித்தான். முடிந்ததும் கன்னத்தை வைத்து ஓரம் முழுக்கத் தேய்த்துப் பார்த்தான். "சாவுப் பெட்டில மூஞ்ச வைக்காதய்யா" என்று திட்டினேன். சிரித்தான்.

நேற்று அந்தப் பெட்டியில்தான் அவனை வைத்தோம். நான்தான் மூடியை இறக்கினேன்.

இன்று காலை மலர் வந்தாள். தெருமுனையில் இறங்கியவள் ஓடி வந்து பெட்டி மேல் விழுந்தாள். "யப்பா... என்னப் பாருப்பா... வந்துட்டேன்ப்பா..." ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பெண்கள் இழுத்துப் பார்த்தார்கள், விடவில்லை. கண்ணாடி வழியாக அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

எடுக்கிற நேரம் வந்தது. "வுடும்மா மலரு... பாய் சித்தப்பா சொல்றேன் இல்ல" என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கையில் ஓரம் அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கோவிந்தா... மலரு உன்ன பார்த்துட்டாய்யா.

கை அறுக்கல.

நீ போய்ட்டு வா.