பக்கத்து வீட்டு மஞ்சள் துண்டு

எங்க அக்காவுக்கு யாரும் முகம் சுளிச்சிடக் கூடாது. குடிதண்ணீர் ஆபீஸ்ல புகார் போன் எடுக்கிறதுதான் அவ வேலை. காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் ஊரே திட்டும், இவ "சரிங்க, பார்க்கச் சொல்றேங்க"ன்னு கேட்டுக்குவா. அதே குணத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டா. எனக்கு அதெல்லாம் வராது. ஒருத்தர் ஒண்ணு சொன்னா, நான் திருப்பி ரெண்டு சொல்லிட்டுத்தான் தண்ணியே குடிப்பேன்.

அத்தான் மாடிப்படியில விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்வில்லாமப் போனதும், சக்கர நாற்காலி போற மாதிரி அவங்க வீட்டை மாத்த வேண்டி வந்துச்சு. வாசற்படியை இடிச்சுச் சரிவு போடணும், கதவெல்லாம் அகலமாக்கணும், கீழேயே ஒரு குளியலறை கட்டணும். அதுவரைக்கும் அத்தான் எங்க வீட்டு ஹால்ல கட்டில்ல கிடந்தார். அக்கா மட்டும் இடிச்ச வீட்டுல ஒரு மூலையில அடுப்பும் பாயுமா தூசிக்குள்ள குடித்தனம் பண்ணினா. ரெண்டே மாசம்தாம்மான்னார் மேஸ்திரி. மேஸ்திரிங்க சொல்ற ரெண்டு மாசம் உங்களுக்குத் தெரியாததா.

ஆனா இந்தத் தடவை இழுத்தடிச்சது மேஸ்திரி இல்ல, அக்காதான். அவங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், தனி ஆள், ராத்திரி டூட்டி பார்த்துட்டுப் பகல்ல தூங்கறவங்க. முதல் நாள் சத்தத்துக்கே வாசல்ல வந்து நின்னு, தூக்கமில்லாமப் போய் நான் யாருக்காவது மருந்தை மாத்திக் கொடுத்தா அந்தப் பாவம் உங்க தலையிலதான்னு சொல்லிட்டாங்க. அக்கா ஆடிப் போயிட்டா. அங்கேயே ஒரு ஏற்பாடு பேசினா. தூங்கப் போறப்ப நர்ஸ் ஜன்னல் கம்பியில ஒரு மஞ்சள் துண்டு கட்டுவாங்க. அது அவிழற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் சுத்தியலைத் தொடக் கூடாது.

துண்டு அவிழ மத்தியானம் தாண்டிடும். அதுவரைக்கும் ஆளுங்க மணல் சலிப்பாங்க, பூசுவாங்க, மீதி நேரம் கதை பேசுவாங்க. எதிர்வீட்டுக்காரருக்குத் தூசி ஆகாது, அதனால ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அவர் காரை அக்காவே துடைச்சா. பின்வீட்டு அம்மாவுக்கு லாரி நின்னா ஆகாது, அதனால தெருமுனையில மணலை இறக்கித் தலைச்சுமையாத் தூக்கிட்டு வந்தாங்க. "ஊரையெல்லாம் தாங்கு, கட்டின புருஷனை மட்டும் என் ஹால்ல போட்டு வை"ன்னு நான் ஒரு நாள் கத்தியே விட்டேன்.

அத்தான் ஆரம்பத்துல தினமும் அவளுக்குப் போன் போட்டு, எப்பதான் முடியும்னு எரிஞ்சு விழுவார். போகப் போகக் கேட்கிறதையே விட்டுட்டார். வெச்சதைச் சாப்பிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்பாடா, மனுஷன் பழகிட்டார்னு நான் அக்காகிட்ட சொன்னேன். அவ முகம் செத்துப் போச்சு.

"திட்டுறவங்க இன்னும் நம்மளை நம்புறாங்கடி. வாயை மூடிட்டாங்கன்னா நம்மளைக் கைவிட்டுட்டாங்க"ன்னா.

குளியலறையில குழாய் பதிக்கத் தரையை உடைக்கிறது பாக்கி இருந்துச்சு. மேஸ்திரி வேற இடத்துல வேலை ஒத்துக்கிட்டார். இன்னைக்கு உடைக்கலைன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன், அப்புறம் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாதுன்னுட்டார். அக்கா லீவு போட்டுட்டுக் காத்திருந்தா, நானும் போயிருந்தேன். மத்தியானம் போச்சு, வெயில் சாஞ்சுச்சு, துண்டு அப்படியே தொங்குது. ஆளுங்க சட்டையை மாத்த ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்கும் இவ வாயைத் திறக்கலைன்னா இவளோட பேச்சே கிடையாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

"ஆரம்பிங்க"ன்னா அக்கா.

துண்டு இருக்கேம்மான்னார் மேஸ்திரி.

"தெரியுது. உடைங்க."

மெஷின் போட்டதும் வீடே அதிர்ந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். அக்கா மட்டும் வாசலுக்கும் சுவருக்கும் நடந்துக்கிட்டே இருந்தா. நர்ஸ் இப்ப வந்து நிப்பாங்க, கால்ல விழுந்தாவது சமாளிக்கணும்னு அவளுக்கு. யாரும் வரல. திடீர்னு ஓடிப் போய் மேஸ்திரி தோளைத் தட்டி மெஷினை நிறுத்தச் சொன்னா. மறுபடியும் பயந்துட்டாள்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இப்ப என்னடீன்னேன்.

"இவ்வளவு சத்தத்துக்கும் அவங்க திட்டலையே"ன்னா. "அங்க ஏதோ ஆயிடுச்சு."

போய்க் கதவைத் தட்டினோம், கூப்பிட்டுப் பார்த்தோம். இரும்புக் கதவு, உள்பக்கம் பூட்டு. ஜன்னலும் சாத்தியிருந்துச்சு. இதை அறுக்க நேரமாகும், நடுச்சுவர் வெறும் அரைச் செங்கல் கனம்தான்னு சொல்லிட்டு மேஸ்திரி அக்காவைப் பார்த்தார். ஒருத்தர் மனசும் நோகக் கூடாதுன்னு வாழ்ந்த எங்க அக்கா, அடுத்தவங்க வீட்டுச் சுவரை இடிங்கன்னா. உளி வெச்சு இடிச்சாங்க. ஓட்டை பெரிசாகிற வரைக்கும் கூட அக்கா பொறுக்கல, முழங்கையெல்லாம் சிராய்ச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தா. நர்ஸ் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில கிடந்தாங்க. மூச்சு இருந்துச்சு. உடம்புல சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

அவங்க குணமாகித் திரும்பி வந்தப்ப அக்கா ஒளிஞ்சுக்கத்தான் பார்த்தா. சுவரும் போச்சு, கொடுத்த வாக்கும் போச்சே. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். உள்ளே நுழைஞ்சதுமே, துண்டு இருக்கும்போதே உடைக்கச் சொல்லிட்டேன் சிஸ்டர், மன்னிச்சிடுங்கன்னு ஆரம்பிச்சா. நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"எனக்கு அரைகுறையாக் கேட்டுச்சு. எழுந்து வந்து உங்களைக் கிழி கிழின்னு கிழிக்கணும்னு இருந்துச்சு, கை கால் வரல. அப்புறம் மெஷின் நின்னுச்சு பாருங்க, அப்பதான் பயந்துட்டேன். எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதா. நானும்தான், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

அத்தான் வீடு வந்து சேர்ந்தப்ப அந்தச் சுவர்ல பூச்சு வேலை இன்னும் முடியல. நாற்காலி சரிவுல ஏறி, எங்கேயும் இடிக்காம உள்ளே போச்சு. தானே உருட்டிக்கிட்டுப் போய்க் குளியலறையைப் பார்த்தார், திரும்பி வந்து ஜன்னல் ஓரமா உட்கார்ந்துக்கிட்டார். ஒரு வார்த்தை பேசல. அக்கா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

மறுநாள் காலையிலேயே ஆளுங்க அந்தச் சுவரோட பழைய பூச்சைக் கொத்த ஆரம்பிச்சுட்டாங்க. துண்டெல்லாம் இனிமே வேண்டாம்னு நர்ஸே சொல்லியிருந்தாங்க. ரெண்டு தட்டு தட்டியிருப்பாங்க, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மனுஷங்க தூங்க வேண்டாமா, கொஞ்சம் மெதுவாத் தட்டினா என்னன்னு நர்ஸ் குரல். இந்தப் பக்கம் அத்தான் நாற்காலியைத் திருப்பினார்.

"அவங்க கேட்கிறது நியாயம்தானே. எப்பதான் முடியும் இந்த வேலை? வீடா இது?"

அக்கா கையில இருந்த சிமெண்ட் சட்டியைக் கீழே வெச்சுட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"ரெண்டு பேருமே திட்டுறாங்கடி"ன்னா. முகமெல்லாம் சிரிப்பு.