திருத்தச் சீட்டும் புளியங்கொட்டைப் பசையும்

அரசாங்கம் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும்போது உடனே புதுப் புத்தகம் போடாது. ஒரு சீட்டு அச்சிட்டு அனுப்பும். விதித்தொகுப்பில் எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியின் மேல் அதை ஒட்டவேண்டும் என்று சீட்டின் தலையிலேயே இருக்கும். முதுகு முழுக்கப் பசை தடவி அப்பிவிடக் கூடாது. ஓர் ஓரத்தில் மட்டும் நூல் போலப் பசை வைத்து, கதவு மாதிரி திறந்து மூடும்படி ஒட்டவேண்டும். மேலே புது விதி, தூக்கிப் பார்த்தால் கீழே பழைய விதி. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதைச் செய்தேன். பழைய புத்தகத்தில் சீட்டும் சருகும் ஒட்டுவது மேல்நாட்டில் ஒரு கலை என்றும், அதற்குக் கண்காட்சியெல்லாம் வைக்கிறார்கள் என்றும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வார இதழில் படித்தேன். எனக்கு யாரும் கண்காட்சி வைக்கவில்லை. ஓய்வூதியம் தருகிறார்கள். ஒழுங்காகவே வருகிறது, குறை சொல்ல மாட்டேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் என்னை ஜவ்வாது மலைமேல் ஓர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். எந்தத் துறை என்பதை விட்டுவிடுகிறேன். மலைக்கு மாற்றுவது தண்டனை என்று யாரும் எழுத்தில் சொல்வதில்லை, 'நிர்வாக நலன் கருதி' என்று எழுதுவார்கள். எனக்கு அப்போதுதான் திருமணம் ஆகியிருந்தது. நிர்வாகத்தின் நலனுக்காக என் மனைவியும் பெட்டியோடு மலையேறினாள்.

அவளுக்குக் கண்ணமங்கலம். அவளுடைய அக்காவும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்வியைக் கேட்பார். "மலைமேல உக்காந்துகினு நாளெல்லாம் இன்னாடி பண்ற? மாமியாரு கூட இல்ல. பொழுது எப்டிதான் போவுது?" அக்கா நெல் அவிப்பார், மாடு கறப்பார், மூன்று பிள்ளைகளை மேய்ப்பார். அவரிடம் சொல்வதற்கு என் மனைவியிடம் ஒன்றும் இருக்காது. பேருந்தில் திரும்பி வரும்போது அத்திமூர் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அலுவலகத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மழைக்காலத்தில் திருத்தச் சீட்டுக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்து ஒட்டுவேன். ஒருநாள் அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாங்க, கவர்மெண்டு பேச்சு மாத்திக்கினே கீது, நீங்க அதுக்குப் பசை தடவிக்கினே இருக்கீங்க."

அலுவலகத்தில் கொடுத்த கோந்து புட்டியிலேயே கல்லாகிக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளே புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்து மாவாக்கி, பசை காய்ச்சினாள். மலையில் பங்குனியில் புளி தட்டி முடித்தால் வாசலுக்கு வாசல் கொட்டை குவிந்து கிடக்கும், கேட்டால் முறத்தோடு கொடுப்பார்கள், அப்போது வாங்கிவைத்தது மிச்சம் இருந்தது. பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டாள். அந்தப் பசை பிடித்தால் விதியைக் கிழிக்கலாம், சீட்டைக் கிழிக்க முடியாது.

அந்த வருடம் எங்கள் விதித்தொகுப்புக்குப் புதுப் பதிப்பு வந்தது. பழையதை என்ன செய்வது என்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. வராத உத்தரவை யாராலும் மீற முடியாது. பழைய தொகுதி எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. சிவப்புக் காலிகோ துணி அட்டை, நல்ல கனம்.

அவளுக்கு ஆங்கிலம் வராது. ஒரு பக்கத்தைத் திறந்து, "இது இன்னா சொல்லுது?" என்பாள். நான் ஒரு வரியில் சொல்வேன். "பயணப்படி" என்றேன். மறுநாள் அந்தப் பத்தியின் மேல் ஒரு சீட்டு, கதவு மாதிரி. தூக்கிப் பார்த்தால் போளூர் பேருந்துச் சீட்டுகளை வெட்டி ஒட்டிய ஒரு பேருந்து, பள்ளத்தில் மூக்கு குத்தி நின்றது. நடத்துநர் போட்ட ஓட்டைகள் ஜன்னல்களாகியிருந்தன. "ஊதிய உயர்வு" என்றேன். தீக்குச்சியில் ஓர் ஏணி, அதன் உச்சிக்கும் மேலே எட்டாத உயரத்தில் ஒரு சாமைக் கதிர். "மருத்துவ விடுப்பு" என்றதற்கு, தீப்பெட்டிப் படத்துப் புலி ஒன்று போர்வை போர்த்திப் படுத்திருந்தது. போர்வை என் பழைய வேட்டிக் கரை.

அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் மலைக்காரர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்: கடுக்காய்த் தோல், தேன்மெழுகு, பாம்புச் சட்டை, மீன்கொத்தி இறகு. ஒருமுறை சந்தனச் சிராய் கொண்டுவந்தார். அதை மட்டும் நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதற்குத் தனிச் சட்டம் உண்டு, அதில் திருத்தச் சீட்டுக்கும் இடமில்லை.

அச்சு இல்லாத கடைசிப் பக்கத்தை அவள் கடைசியாகத்தான் செய்தாள். தேய்ந்துபோன கார்பன் தாள்களை விரலால் கிழித்து, ஒன்றன் பின் ஒன்றாக மலைகள். கிட்டத்து மலை கருநீலம், தூரத்து மலை வெளிறிய நீலம். அழுக்கு ஒட்டாமல் இருக்க மெழுகு பூசினாள். மேலே பாதிப் பக்கத்துக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. அது வானம். இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. "பொங்கலுக்குப் போவசொல்ல எடுத்துக்கினு போய் அக்கா மடியில வெக்கப் போறேன். இன்னா பண்றேன்னு கேக்குதில்ல? பாக்கட்டும்" என்றாள்.

பொங்கலுக்கு முன்பு ஆய்வு வந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு ஒரு முறை உண்டு. விதித்தொகுப்பைப் படிக்க மாட்டார், கட்டை விரலால் தடிமனைப் பார்ப்பார். எவ்வளவு தடிமனோ அவ்வளவு திருத்தங்கள் ஒட்டியிருக்கிறார்கள் என்று கணக்கு. முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நான் வெளியே ஜீப் டிரைவருக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கடைநிலை ஊழியரைக் கூப்பிட்டு, "இருக்கறதுலயே குண்டா இருக்கற புக்க எடுத்துட்டு வாய்யா" என்றிருக்கிறார். ஊழியர் நாணயமானவர். இருப்பதிலேயே குண்டான புத்தகம் எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். பின்கட்டுக்கு ஓடினார்.

"அம்மா, அந்தக் குண்டு புக்க ஆபீசரு கேக்குறாரு."

அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, கதவருகே வந்து கொடுத்தாளாம். தன் வேலையைப் பார்க்க ஓர் அதிகாரி கேட்கிறார் என்று நினைத்துவிட்டாள். இதில் அவள் மேல் என்ன தவறு?

நான் உள்ளே வந்தபோது புத்தகம் மேசைமேல் இருந்தது. அதிகாரி கட்டை விரலை ஓட்டினார். புருவம் உயர்ந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து மலைகளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அட்டைத் தாள், சார்."

பழைய பைண்டிங்கில் அட்டையை ஒட்டி நீலமும் சிவப்புமாய் அலை அலையாக ஒரு தாள் இருக்கும். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, தலையாட்டினார். மலைக்கு மேல் காலியாக இருந்த இடத்தில் பச்சை மையில் எழுதினார்: 'ஆய்வு செய்யப்பட்டது. யாவும் சரியாக உள்ளன.' கையெழுத்து. கீழே முத்திரை. ஆய்வுக் குறிப்பிலும் இந்தத் தொகுதி நன்முறையில் பராமரிக்கப்படுகிறது என்று ஏற்றிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மாலை வீட்டுக்குப் போனதும் அவள் கேட்டாள்: "இன்னா சொன்னாரு?"

"எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்காரு."

"எதுல?"

"உன் வானத்துல."

"சரி, புக்கு எங்க?" என்றாள். அலுவலகப் பீரோவில் என்றேன். ஆய்வு செய்து கையெழுத்தான தொகுதி அலுவலகப் பதிவேடு, அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். "அது என் புக்கு" என்றாள். "மதியம் வரைக்கும் உன்னுது" என்றேன். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் வெறுங்கையோடு போனோம். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

விதியால் உள்ளே போனதை விதியால்தான் வெளியே கொண்டுவர வேண்டும். தொகுதி காலாவதியானது, அப்புறப்படுத்த ஆணை வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஆய்வில் சரியாக உள்ளதாகக் குறிப்பிடப்பட்ட தொகுதி எவ்வாறு காலாவதியாகும் என்று கேட்டார்கள். அருமையான கேள்வி. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். விளக்கம், நினைவூட்டு, மறு நினைவூட்டு எல்லாம் போய், கழிவுத் தாள்களோடு சேர்த்துப் பொது ஏலத்தில் விடவும் என்று ஆணை வந்தது.

"நானே ஏலம் கேக்குறேன்" என்றாள்.

"அரசு ஊழியரும் அவர் குடும்பமும் கேக்கக் கூடாது."

"அப்போ என் புக்க நான் வாங்க முடியாதா?"

"ஊர்ல யார் வேணும்னாலும் வாங்கலாம். நீதான் முடியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வைக்குத் திருத்தச் சீட்டு கிடையாது.

எங்கள் கழிவுத் தாளை எப்போதும் எடுப்பவர் பேருந்து நிற்கும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். போளூர்க்காரர், நல்ல மனிதர், அன்றும் அவரே எடுத்தார். எடைக்கு எடுத்துவிட்டு, "இன்னா சார், இந்த புக்கு உள்ள புளியங்கொட்ட, தீக்குச்சியெல்லாம் கீது. அதுக்கும் சேத்து எடை போடுறீங்களே" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் என் மனைவி அவர் கடைக்குப் போனாள். அதற்குள் முதல் நாலைந்து பக்கங்கள் கடுகும் சீரகமும் சுமந்துகொண்டு மலைக் கிராமங்களுக்குப் போயிருந்தன.

"அண்ணே, அந்த புக்க மொத்தமா குடுத்துடுங்க. காசு தர்றேன்."

"தங்கச்சி, நீங்க கேட்டா குடுக்க மாட்டேனா? ஆனா நேத்து சாமை கொண்டாந்தவங்க, பொம்மை ஒட்டுன காயிதத்துல கட்டிக் குடுன்னு நிக்கிறாங்க. எதிர்க் கடைக்குப் போறவங்க கூட இங்க வர்றாங்க. உங்களுக்கு மட்டும் தூக்கிக் குடுத்துட்டு அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது? பொட்லத்துக்கு ஒரு காயிதம். யாரா இருந்தாலும் அதான்."

வீட்டுக்கு வந்து கொதித்தாள். நான் அந்தக் கடைக்காரர் பக்கம் இருந்தேன். யாருக்கும் சலுகை இல்லை, பொது விதி ஒன்று, அவரே அதைக் கடைப்பிடிக்கிறார். எங்கள் துறையில் அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளும் விதிப்படியே போனாள். தினமும் கடைக்குப் போய் ஒரு பொட்டலம், இரண்டு பொட்டலம். எந்தப் பக்கத்தில் எதைக் கட்டுவது என்று அவளே சொன்னாள். தீக்குச்சி ஏணிப் பக்கத்தில் கடுகு கட்டினால் ஒழுகும், அதற்குக் காய்ந்த மிளகாய். பேருந்துப் பக்கத்துக்கு வெல்லம். எங்கள் சமையல் அந்த மாதங்களில் பசியைப் பார்த்து நடக்கவில்லை, பக்கத்தைப் பார்த்து நடந்தது. வீட்டில் துவரம் பருப்பு நான் ஓய்வு பெறும்வரை போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்தது. பெருங்காயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மோரில் போட்டுக் குடித்தோம்.

வீடு திரும்பிய பக்கங்களை நீவி, வெயிலில் வைத்து, மறுபடி கோத்தாள். மஞ்சள்தூள் கட்டிய பக்கத்தில் படுத்திருந்த புலிக்கு மேலே பெரிய மஞ்சள் வட்டம் விழுந்திருந்தது. துடைக்கப் போனவள் நிறுத்திவிட்டாள். "சூரியன் மாதிரி கீது. இருக்கட்டும்." எண்ணெய்ப் பிசுக்கு பட்ட தாளில் பின்பக்கத்துப் படம் நிழல் போலத் தெரிந்தது. அதற்கேற்ப இரண்டு சீட்டுகளை இடம் மாற்றினாள். புத்தகம் முன்பைவிட நன்றாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. அதை நான் சொன்னேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கம் வரவில்லையே என்றாள்.

அது வராது. கடைக்காரர் அதைத் தகரச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். 'யாவும் சரியாக உள்ளன', பச்சை மைக் கையெழுத்து, அரசு முத்திரை. எடை குறைகிறது என்று யாராவது முணுமுணுத்தால் தராசைத் தொட மாட்டார், சட்டத்தைக் காட்டுவார்.

"அண்ணே, அது பொட்லத்துக்கு இல்லியா?"

"அது காயிதம் இல்ல தங்கச்சி. அது சர்டிபிகேட்டு."

அரசு முத்திரையை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று நான் ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றாள். அந்த மலை இல்லாமல் மற்றதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போகவும் அவள் சம்மதிக்கவில்லை.

சித்திரை வெயிலில் அக்காவே மலையேறி வந்தார். பேருந்தை விட்டு இறங்கியவரை வீட்டுக்குக்கூடக் கூட்டிப்போகாமல், என் மனைவி பையை என் கையில் கொடுத்துவிட்டு, நேராக அந்த மளிகைக் கடைக்கு அழைத்துப் போனாள். சட்டத்தைக் காட்டினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"பெரிய ஆபீசரே பாத்து கையெழுத்து போட்ட படம்மா இது. ஒட்டுனது யாரு தெரியுமா? உங்க தங்கச்சி!"

அக்கா அருகில் போய்ப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு மலையாக வருடிக்கொண்டே வந்தார்.

"இது எங்கடி?"

"கண்ணமங்கலத்துல நம்ம வூட்டு மாடியிலேர்ந்து பாத்தா தெரியுமே, அதே மலைதான். இந்தப் பக்கத்துலேர்ந்து இப்டி."

அக்கா வெகு நேரம் பார்த்தார். என் மனைவி புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இன்னா பண்ற என்ற கேள்வி வரவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் கீது" என்றார் கடைசியில். "மேல இன்னாடி இந்தப் பச்சைக் கிறுக்கலு? அத எடுத்திருந்தா வானம் சுத்தமா இருந்திருக்கும்."

கடைக்காரரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. கடைவாசலில் மூட்டையோடு நின்றவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அந்த அதிகாரியின் கையெழுத்தைப் பற்றி என் பணிக்காலத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான ஆய்வுக் குறிப்பு அது.

வீட்டில் மற்ற பக்கங்களையும் பார்த்துவிட்டு அக்கா, "எனக்கும் இந்த மாதிரி ஒன்னு ஒட்டிக் குடுடி. பச்சை இல்லாம" என்றார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புதுப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது, அடுத்த பதிப்பு வந்து இது காலாவதியாகும் வரை காத்திருக்கவேண்டும் என்றேன்.

"அது எப்ப ஆவும்?"

"கவர்மெண்டு மனசு மாறணும்."

"அதான் நாளுக்கொரு தரம் மாறுதுன்னு இவ சொல்றாளே."

ஊர் திரும்பும்போது அக்காவின் பையில் ஒரு படி புளியங்கொட்டை இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கண்ணமங்கலத்தில் அவருடைய வீட்டுக்காரரும் அரசு ஊழியர்தான், அலமாரி நிறையத் தொகுதிகள் வைத்திருந்தார்.